மொட்டைமாடியில் டெல்ஃப்ட்

டெல்ஃப்ட் ஊரை நான் கால் வலிக்க நடந்து பார்த்திருக்கிறேன். கோபுரம் சாய்ந்த பழைய சர்ச் எங்கே, மீன்கடை மூலை எங்கே, எந்தப் பாலத்தின் உச்சியில் நின்றால் காற்று முகத்தில் அறையும், எதைக் கேட்டாலும் சொல்வேன். ஊர் இருப்பது ஹாலந்தில். நான் ஹாலந்துக்குப் போனதே இல்லை. கல்பாக்கம் டவுன்ஷிப்பில், அப்பாவின் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, காதில் போனை வைத்தபடி நடந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாயிரத்து ஒன்றில் நடந்தது இது. என் கணவன் ஹரிகிருஷ்ணன் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தான். அவன் இவன் என்றுதான் சொல்வேன். அப்பா மாதிரிப் பெரியவர்கள் எதிரில் மட்டும் 'அவர்'. ஜூலையில் அவனை ஆன்சைட் என்று டெல்ஃப்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாத வேலை. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஏர்போர்ட்டில் வைத்தே சொல்லிவிட்டேன்.

"எனக்கு சாக்லேட் வேண்டாம், சென்ட் வேண்டாம். வலி எடுக்கறப்போ நீ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். உள்ளே விடமாட்டாங்க, தெரியும். வாசல்ல நின்னா போதும்."

"லீவு கேட்டுப் பார்க்கறேன், வைஷு."

"கேட்டுப் பார்க்காதே. வாங்கு."

இதில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தபோது அப்பா வடக்கே கோட்டாவில் அணுமின் நிலைய வேலையில் இருந்தார். அவர் ஊருக்கு வந்து என்னை முதலில் பார்த்தபோது எனக்குத் தவழவே வந்துவிட்டது. யாரோ மீசைக்காரன் தூக்க வருகிறான் என்று வீறிட்டு அழுதேனாம். அம்மா அதை இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்காட்டுகிறாள். அவள் சொல்லும்போதெல்லாம் அப்பா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். அந்தப் பேப்பர் எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று எனக்குள் ஒரு வைராக்கியம்.

அப்பா பார்த்தசாரதி அணு ஆராய்ச்சி மையத்தில் சயன்டிஸ்ட். பிரைவேட் கம்பெனி என்றாலே அவருக்கு இளப்பம். "இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது" என்று கல்யாணத்துக்கு முன்பே ஹரியின் முகத்துக்கு நேராகச் சொன்னவர். மாப்பிள்ளை ஹாலந்து போனதும் கட்சி மாறிவிட்டார். காலையில் கூட வாக்கிங் போகிறவர்களிடம், "நம்ம சதுரங்கப்பட்டினம் கோட்டையைக் கட்டினவங்க தேசத்துல இருக்கார்" என்று ஆரம்பித்தால் கடற்கரை வரைக்கும் நிறுத்தமாட்டார். அவர்களும் பாவம், கேட்டுக்கொண்டார்கள்.

வளைகாப்பு முடிந்து செப்டம்பரில் கல்பாக்கம் வந்தேன். நட, நன்றாக நட என்றார் டாக்டர். அப்பா பர்மா பஜாரில் வாங்கிய கார்ட்லெஸ் போன் மொட்டைமாடி வரைக்கும் எடுக்கும். எனக்கு ஒரு யோசனை வந்தது. நமக்கு நாலு மணியானால் ஹரிக்கு மதியச் சாப்பாட்டு நேரம். அவனுக்கு ஆபீஸ் கொடுத்த செல்போன் இருந்தது. அவன் அங்கே ஊருக்குள் நடக்கட்டும், நான் இங்கே மாடியில் நடக்கிறேன். பார்க்கிறதை எல்லாம் அவன் சொல்ல வேண்டும். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவன் அனுப்பியிருந்த டூரிஸ்ட் மேப்பைப் பார்த்து மாடியில் ஊரை அமைத்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டி பழைய சர்ச். அதற்கு மேற்கே கைப்பிடிச் சுவரை ஒட்டிய சரிவு பெரிய கால்வாய். துணி காய்கிற கொடிகள் பாலங்கள்; குனிந்து போய் நிமிர்ந்தால் மறுகரை. மாடிப்படி அறை கிழக்குக் கோட்டை வாசல். கீழ்வீட்டு ராஜம் மாமி மட்டும், "உன் பொண்ணு மாடியில என்னதான் பண்றா, சியாமளா?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஊர் தயார். ஆனால் சுற்றிக்காட்ட வந்தவன் சரியில்லை.

"இங்க ஒரு கால்வாய் இருக்கு" என்பான் ஹரி.

"சரி."

"ஒரு பாலம் இருக்கு. சைக்கிள் நிறைய."

"தண்ணி என்ன நிறம்?"

"தண்ணி நிறம்தான்."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு கையில் ரொட்டி, மனசெல்லாம் ஆபீஸ், ஊரைப் பார்க்க அவனுக்கு ஏது கண்? போதாக்குறைக்கு லைன் வேறு. பேசுவது ஒரு நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். யாராவது எதையாவது சொன்னால் நான் ம் கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குக் கேட்ட மாதிரியே இருக்காது. என் 'ம்' அவனுடைய அடுத்த வாக்கியத்தின் நடுவில் போய் விழும். அவன் நிறுத்தி, "என்ன?" என்பான். நான், "ஒண்ணுமில்ல, சொல்லு" என்பதற்குள் அவன் மறுபடி தொடங்கியிருப்பான். பாதி நாள் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். எனக்கோ கோபம் மூக்குக்கு மேலே வரும். போனைப் பட்டென்று வைத்துவிட்டு, அம்மாவிடம் போய் எரிந்து விழுவேன்.

அக்டோபரில் எல்லாம் மாறியது.

"இன்னிக்கு மெதுவாப் போலாம், வைஷு" என்றான் ஒரு நாள். குரலே வேறு மாதிரி இருந்தது. "ரெண்டு கரையிலயும் மரம். இலையெல்லாம் மஞ்சள். ஒரு இலை மேலேர்ந்து விழுது, தண்ணிக்குள்ளேர்ந்து அதோட நிழல் எதிர்ல ஏறி வருது. ரெண்டும் தொட்டதும் அப்படியே நின்னுடுது."

நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஹரியா இது?

"வீடெல்லாம் ஒல்லி. மூணு பேர் கையை நீட்டி நின்னா ஒரு வீட்டு அகலம். ஒவ்வொரு வீட்டு உச்சியிலயும் ஒரு கொக்கி இருக்கு. படிக்கட்டு குறுகல், கட்டில் பீரோ எதுவும் நுழையாது. கயிறு கட்டி வெளியில தூக்கி ஜன்னல் வழியா உள்ளே இழுப்பாங்க."

"ம்."

"ஜன்னலுக்குத் திரையே கிடையாது. உள்ளே ஒரு பாட்டி தனியா உட்கார்ந்து சூப் குடிக்கறா. நான் பார்க்கறது அவளுக்குத் தெரியும். ஸ்பூனைத் தூக்கிக் காட்டறா."

"நீ என்ன பண்ணே?"

"கும்பிட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் குழந்தை உதைத்தது. அன்றிலிருந்து நாலு மணிக்காகவே பொழுது விடிந்தது. மழைக்காலம் தொடங்கிவிட்டது. குழாய் அடைத்துக்கொண்டு மாடியில் தண்ணீர் தேங்கும். நான் போட்டு வைத்திருந்த கால்வாயில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அதில் வானம், அணு உலையின் வெள்ளைக் குவிமாடம், ராஜம் மாமியின் வாடாமல்லிப் புடவை எல்லாம் தலைகீழாகத் தெரியும். சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் இரையும். ஹரியின் குரல் அந்த ஈரத்துக்குள் என்னை நடத்திக்கொண்டு போகும். அரைத் தூக்கத்தில் நடப்பது போலத்தான் இருந்தது.

சர்ச் கோபுரம் ஏன் சாய்ந்தது என்று சொன்னான். பழைய கால்வாய் ஒன்றை மூடி அதன்மேல் கட்டினார்களாம், மண் பிடிக்கவில்லை. பாதி உயரத்தில் சாய்வதைப் பார்த்துவிட்டு, மீதியை நேராக்கிக் கட்ட முயன்றார்களாம். "கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தா தலை சுத்துது. விழற மாதிரியே இருக்கும், விழாது. சர்ச்சைச் சுத்தி ஒரு நடை போலாம், வா" என்றான். நான் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தேன். வியாழக்கிழமைகளில் கால்வாயோரம் பூக்கடை போடுவார்கள், போனோம். சந்தைச் சதுக்கத்தில் மணி இசைத்ததை அவன் வாயாலேயே வாசித்துக் காட்டினான். ஊர் எல்லையில் தண்ணீர் மேல் பனி படுத்திருந்தது. அதற்குள் ஒரு வாத்து போய், கொஞ்ச நேரம் கழித்து வேறு இடத்தில் வெளியே வந்தது. அதை மட்டுமே ஒரு நாள் முழுக்கச் சொன்னான். அந்தச் சில வாரங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். என் புருஷன்மேல் எனக்குப் புதிதாகக் காதல் வந்துவிட்டது, வெட்கமென்ன இதில்.

"லீவு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் குரல் இறங்கிவிடும். "கேட்டிருக்கேன்" என்பான். "ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."

என்னமோ இடிக்கிறது என்று முதலில் எனக்கு உணர்த்தியது என்னுடைய 'ம்'தான். அது இப்போது சரியான இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் மூச்சு விட நிறுத்துவான், நான் 'ம்' என்பேன், உடனே அடுத்த வாக்கியம். "என்ன?" என்று அவன் கேட்டுப் பல நாளாயிற்று. "கேக்குதா?" என்பதையே மறந்துவிட்டான். லைன் நன்றாகிவிட்டது போல, விஞ்ஞானம் வளர்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்தது அப்பா. அவர் ராத்திரி பிபிசி கேட்கிறவர். நவம்பர் பிறந்து ஒரு நாள் காலை இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:

"ஐரோப்பாவுல கடிகாரத்தை ஒரு மணி பின்னால தள்ளிட்டாங்களே. வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை தள்ளுவாங்க. மாப்பிள்ளை இன்னும் நாலு மணிக்கே கூப்பிடறாரே. அங்கே அப்போ பதினொண்ணரைதான் ஆகும். பதினொண்ணரைக்கே சாப்பிட விடறாங்களா?"

அம்மா, "கடிகாரத்தைத் தள்ளறதா, அது என்ன கூத்து?" என்றாள். கடிகாரத்தைத் தள்ளி வைக்கிற வழக்கம் நம் ஊரில் ஏது? எனக்கும் அது புதுசுதான். ஆனால் அங்கேயே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? ஊரே ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்க இவன் மட்டும் எப்படி அதே நேரத்துக்கு வருகிறான்?

"ஆபீஸ் நேரத்தை மாத்திட்டாங்களாம்பா" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அன்றைக்கு நாலு மணிக்கு அவன் ஒரு பாலத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தான். கீழே படகு வருகிறது, படகில் பூந்தொட்டிகள், ஓட்டுகிறவன் தலையைக் குனிந்துகொள்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"இன்னா தம்பி, பொண்டாட்டியோட இன்னும் நடந்துகினே கீறியா? டீ ஆறிப்பூடுச்சு பாரு."

பாலம், படகு எல்லாம் நின்றுவிட்டது.

"டிவி" என்றான் ஹரி. "இங்க... பக்கத்துல ஒருத்தர் தமிழ் டிவி."

பாலத்தின்மேல் டிவி. நான் ஒன்றும் கேட்கவில்லை. "சரி, மேலே நட" என்றேன். அவனும் நடந்தான், பாவி.

அந்தக் குரலை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். எங்கள் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குப் பாயசம் வரவில்லை என்று சமையல்காரரை ஓட ஓட விரட்டிய குரல். ஹரியின் ஹாஸ்டல் சிநேகிதன் சாமின் அம்மா, சாராள். வீடு செங்கல்பட்டில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம். மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போனதும் டைரக்டரியில் நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். சாராளே எடுத்தார்.

"நான் வைஷாலி பேசறேன். ஹரி இருக்காரா?"

"இல்லம்மா. ஏரிக்கரைல நடக்கப் போய்கீது" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "கண்டுகினியா? நல்லதாப் போச்சு. எனக்கும் மனசு கேக்கல. அமெரிக்கால கட்டடம் வுயுந்துச்சே, அதுக்கப்பறம் அந்தக் கம்பெனில வேலையே இல்லன்ட்டானுங்களாம். திருப்பி அனுப்சிட்டானுங்க. இங்க வந்தா மெட்ராஸ் ஆபீஸ்லயும் போய்ட்டு வான்ட்டான். ஒரு மாசமா நம்ம வூட்லதான் கீது புள்ள."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கப்பா மூஞ்சில எப்டி முயிக்கறதுன்னு பயம். உங்கிட்ட சொன்னா நீ அயுவேன்னு பயம். வேற வேல கெடச்சதும் சொல்றேன்னுது. நாள்பூரா வேல தேடி அலையுது, இல்லாங்காட்டி ஏரியச் சுத்துது. நாலு மணியானா போன் கிட்ட குந்திகினு கண்ண மூடிக்குது. கண்ண மூடிகினே பேசுது, அத்தக் கேட்டா எனக்கே அந்த ஊருக்குப் போய்வந்தா மாதிரி கீது. நீ வந்து இஸ்துகினு போ, எம்மா. இல்ல நான் சொல்லவா?"

"வேண்டாம்மா. நான் பார்த்துக்கறேன். நான் பேசினதைச் சொல்லாதீங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். செங்கல்பட்டு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இவனுக்கு லீவு கிடைக்க வேண்டும் என்று நான் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், இவன் ஒரு மணி நேரத் தூரத்தில் டீ குடித்துக்கொண்டு என் காதில் பூச் சுற்றுகிறான். அந்த நிமிஷம் எதிரில் வந்திருந்தால் பிடித்து உலுக்கியிருப்பேன். வேலை போனால் போகட்டும், எவனுக்குத்தான் போகவில்லை அந்த வருஷம்? என்னிடம் அழுதிருக்கக் கூடாதா? நான் என்ன, அப்பா கட்சியா? அதுதான் எனக்கு வலித்தது.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறான் என்றாரே, அது என்னை விடவில்லை. அந்த ஊரில் இருந்தபோது தண்ணி நிறம்தான் என்றவன். எல்லாம் கைவிட்டுப் போன பிறகு ஒவ்வொன்றாகத் தடவித் தடவி எனக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறான். அந்த இலை பொய்யில்லை, பாட்டியின் ஸ்பூன் பொய்யில்லை. அவன் நிற்கிற இடம் மட்டும்தான் பொய்.

உடைத்துச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஹரியை எனக்குத் தெரியும். காலேஜில் ஒரு பேப்பர் போனதற்கு யாரிடமும் சொல்லாமல் ராமேஸ்வரம் போய் உட்கார்ந்துகொண்டவன். சாம்தான் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தான். அவமானம் என்றால் இவன் ஓடிவிடுவான். நான் கத்தினால் போனை வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவான், அப்புறம் நிறைமாதத்தில் நான் எங்கே போய்த் தேடுவது? ஆகவே கதவைத் திறந்து திறந்து வைத்தேன், அவனாக வருவான் என்று.

"ஹரி, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லையே."

"அங்கே ரொம்பக் குளிரா?"

"ஆமா, கை விறைக்குது" என்றான். அவன் தலைக்கு மேலே மின்விசிறி கிரீச் கிரீச் என்று சுற்றுவது எனக்குக் கேட்டது. கொடியில் தொங்கிய ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அழுதது அவனுக்குக் கேட்காதபடி 'ம்' மட்டும் கொட்டினேன்.

அப்படியே நாட்கள் போயின. ஊரும் தேய்ந்துகொண்டு வந்தது. சொன்ன பாலத்தையே மறுபடி சொன்னான்.

ஒரு புதன்கிழமை காலை வலி தொடங்கியது. விட்டு விட்டு வந்தது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது, வலி நெருங்கி வரட்டும், சாயங்காலமாக வந்தால் போதும் என்றார்கள். அம்மா பையைக் கட்டி வாசலில் வைத்தாள். மத்தியானம் மூன்றரைக்கெல்லாம், "கிளம்பலாம், காருக்குச் சொல்றேன்" என்றாள்.

"போன் வரணும்மா."

"ஹாலந்து எங்கேயும் ஓடிப் போகாது."

"நாலு மணி ஆகாம நான் நகரமாட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். தூறல். கொடிகளில் துணி இல்லை. தேங்கிய தண்ணீரில் வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தது. போன் அடித்தது.

"இன்னிக்கு கிழக்கு வாசல் பக்கம் போலாமா, வைஷு? அங்கே ரெண்டு கூர்க் கோபுரம்..."

"நில்லு. இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். நீ ம் கொட்டு."

"நீயா? உனக்கு எப்படி..."

"எனக்கு இந்த ஊர் நல்லாவே தெரியும். கண்ணை மூடியிருந்தா திற."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. நான் தொட்டிக்கு மேற்கே நடக்கத் தொடங்கினேன்.

"முதல்ல செருப்பைப் போட்டுக்கோ. நீ இருக்கிற வீட்டுல ஒரு அம்மா இருப்பாங்க. டீ வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வெளியே வா."

வைத்துவிடுவானோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். குரலை உயர்த்தக் கூடாது, உயர்த்தக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"தெருவைத் தாண்டினா தண்ணி. பெரிய தண்ணி, எதிர்க்கரை மங்கலாத்தான் தெரியும். தினமும் நீ சுத்தற தண்ணிதான். இன்னிக்கு சுத்தாதே. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பு."

ரொம்ப நேரம் கழித்து ஒரு 'ம்' வந்தது. தொண்டைக்குள்ளிருந்து வந்த 'ம்'.

"திருக்கழுக்குன்றம் வழியாப் போற வண்டியில ஏறு. ஜன்னலோரம் உட்காரு. கொஞ்ச தூரத்துல மலை வரும், மேலே கோயில் இருக்கும், மேகம் அதுல பாதியை மறைச்சிருக்கும். அப்புறம் ரெண்டு பக்கமும் வயல். தண்ணி நிக்கும். கொக்கு நிக்கும். உனக்குத்தான் இப்பல்லாம் நல்லாப் பார்க்க வருதே, பார்த்துக்கிட்டே வா."

"ம்."

"புதுப்பட்டினத்துல இறங்கு. மீன்காரங்க கூப்பிடுவாங்க, திரும்பாதே. நேரா வந்தா கால்வாய். நம்ம ஊர் கால்வாய். பாலம் கூனல் எல்லாம் இல்ல, தட்டையாத்தான் இருக்கும். நடுவில நின்னு தண்ணியைப் பார்க்காதே. நேரம் இல்ல."

பேசும்போதே ஒரு வலி வந்து என்னைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தது. அது போகும் வரைக்கும் பல்லைக் கடித்தேன்.

"வைஷு? எப்பலேர்ந்து?" அவன் குரல் உடைந்திருந்தது.

"காலையிலேர்ந்து."

"உங்க அப்பா..."

"அப்பாவும் வாசல்ல நிப்பார். பாலத்தைத் தாண்டி உள்ளே வந்தா ஆஸ்பத்திரி, வாசல்ல அவர்தான். அவரைச் சுத்திட்டுப் போக வேற வழி இல்ல, ஹரி."

"நான் என்னன்னு சொல்றது அவர்கிட்ட?"

"அது உன் பாடு. ஆனா டெல்ஃப்ட்லேர்ந்து வரேன்னு மட்டும் சொல்லிடாதே. அந்த ஊர் நம்ம ரெண்டு பேருக்கும். அதை வெச்சு இன்னொருத்தர்கிட்ட பொய் சொன்னேன்னா, நான் உன்னோட எங்கேயும் நடக்கமாட்டேன்."

'ம்' வரவில்லை. வைத்துவிட்டான். கீழே அம்மா கத்திக்கொண்டிருந்தாள். கிளம்பினானா, ஓடினானா, எனக்குத் தெரியவில்லை. கைப்பிடியை விடாமல் படியிறங்கினேன். பயம்தான், வேறென்ன.

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு நீள வராந்தாவுக்குப் பக்கத்து அறையில் படுக்கவைத்தார்கள். அப்பா வேலையிலிருந்து நேராக வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட வாக்கிங் போகிற இரண்டு பேரும் வந்திருந்தார்கள். வலி வரும்போது எனக்கு எதுவும் தெரியவில்லை. போனதும் வாசலைப் பார்ப்பேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஓடுமா, வழியில் தண்ணீர் நிற்குமா, ஏறினானா இல்லையா என்று இதுவே மனதில் சுற்றியது. விளக்குகளைப் போட்டார்கள். இனி வரமாட்டான் என்று ஒரு கட்டத்தில் தீர்மானித்துவிட்டேன். அந்தத் தீர்மானம் வலியைவிட மோசமாக இருந்தது.

பிரசவ அறைக்குத் தள்ளிப் போக ஆயா காசியம்மாள் வந்தாள். கட்டிலைத் திருப்பி வராந்தாவுக்குக் கொண்டுவந்தாள். அப்போதுதான் அப்பாவின் குரல் உரக்கக் கேட்டது.

"அட, மாப்பிள்ளை. லீவு குடுத்துட்டாங்களா? ஏர்போர்ட்லேர்ந்து நேரா வரீங்களா?"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். வராந்தாக் கோடியில் ஹரி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கையில் பை இல்லை, காலில் ரப்பர் செருப்பு. இளைத்திருந்தான். அப்பா முகமெல்லாம் பூரிப்பாக அந்த இரண்டு பேர் பக்கம் திரும்பி, "ஹாலந்துலேர்ந்து ஓடி வந்திருக்கார் பாருங்க" என்றார். எதுவும் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். அப்பாவே எல்லாப் பொய்யையும் கட்டிக் கொடுத்துவிட்டார்.

ஹரி என்னைப் பார்த்தான். காசியம்மாள் பிரசவ அறைக் கதவை முதுகால் தள்ளிக் கட்டிலைப் பாதி உள்ளே இழுத்துவிட்டாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடும்மா, நசுங்கிடும்" என்றாள்.

"ஒரு நிமிஷம் இருங்க."

"இல்ல மாமா" என்றான் ஹரி. சத்தமாகத்தான் சொன்னான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "செங்கல்பட்டுலேர்ந்து வரேன். ஒரு மாசத்துக்கு மேல அங்கேதான் இருக்கேன். எனக்கு வேலை போயிடுச்சு."

நான் கையை எடுத்தேன். கதவு மூடிக்கொண்டது. அப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

காசியம்மாள் கட்டிலைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"யாரும்மா அது, உன் வூட்டுக்காரரா? எங்கேர்ந்து வராரு, இப்டி நனஞ்சிகினு?"

"செங்கல்பட்டு."

"தோ, இங்க கீது செங்கல்பட்டு. காலைலேர்ந்து நீ துடிச்சிகினு கீறே, அதுக்கா இம்மாம் நேரம் அந்தாளுக்கு?"

"கொஞ்சம் சுத்தி வந்துட்டார்" என்றேன். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது.